கல்முனைக் கரையின் பாடசாலைச் செய்திகள்: வாழ்த்துக்கு அப்பால் என்ன இருக்கிறது?

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் கல்விச் செய்திக்குப் பஞ்சமில்லை. சாதாரண தரப் பெறுபேறு வெளியான இரவே ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் முகநூலை நிறைக்கின்றன. சில நாட்களில் சந்திகளில் பனர் ஏறுகிறது. வித்தியாரம்ப விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, புதிய அதிபர் கடமையேற்பு, மாற்றலாகும் ஆசிரியருக்குப் பிரியாவிடை என்று ஆண்டு முழுவதும் படமும் செய்தியும் வந்துகொண்டே இருக்கின்றன. பிரதம அதிதியின் பெயர், பொன்னாடை போர்த்தியவர் பெயர், நன்றியுரை சொன்னவர் பெயர் எல்லாம் தவறாமல் அச்சேறுகின்றன.

அதே ஊரில் ஒரு தாய் வேறு சில கேள்விகளோடு நிற்கிறாள். தரம் ஒன்றுக்கான விண்ணப்பம் எந்தத் திகதியோடு முடிகிறது? கணிதத்தில் தவறிய மகன் அடுத்து எங்கே படிக்கலாம்? பாடசாலை உபகரணங்களுக்கான அரச உதவி தன் பிள்ளைக்கு உண்டா? மழை வலுத்தால் நாளைக்குப் பாடசாலை நடக்குமா? இவற்றுக்கு அவளுக்குக் கிடைக்கும் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் வேலை. செய்தி என்று இங்கே நான் சொல்வது பிராந்தியச் செய்தித் தளங்கள், முகநூல் பக்கங்கள், வட்ஸ்அப் குழுக்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பாடசாலை அறிவித்தல் பலகை ஆகிய அனைத்தையும் சேர்த்துத்தான். தனியொரு பக்கத்தையோ நிருபரையோ குறிவைப்பது என் நோக்கமில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து வளர்த்தெடுத்த ஒரு பழக்கத்தையே எடைபோடுகிறேன்.

இந்தப் பழக்கத்தை எடைபோடுவது இங்கே மிகவும் அவசியம். நெல்லையும் கடலையும் கைத்தறியையும் வெளிநாட்டு உழைப்பையும் நம்பி வாழும் இந்த ஊர்களில் ஒரு தலைமுறையை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டது பாடசாலைதான். 1949இல் தொடங்கிய கல்முனை ஸாஹிராக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி, மருதமுனையின் அல்மனார், நிந்தவூரின் அல்அஷ்ரக், அக்கரைப்பற்று முஸ்லிம் மத்திய கல்லூரி, அட்டாளைச்சேனையின் ஆசிரியர் கல்வி நிலையங்கள் ஆகியவற்றின் வழியாகத்தான் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் வந்தார்கள். அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. அந்த இடிபாட்டிலிருந்து எழுந்த ஊர்கள் வீட்டைக் கட்டிய கையோடு வகுப்பறையையும் கட்டின. பாடசாலை இவ்வளவு முக்கியமான இடத்தில் பாடசாலைச் செய்தியின் தரம் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

உரைகல் எது?

எடைபோட ஓர் அளவு வேண்டும். அதை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. இந்த ஊர்களிடமே ஒன்று இருக்கிறது. ஜனாஸா அறிவித்தலைக் கவனியுங்கள். மரணித்தவர் யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், எந்த வீதியைச் சேர்ந்தவர், எந்தத் தொழுகையின் பின் எந்த மையவாடியில் நல்லடக்கம் என்பதெல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. பெயர் மயக்கம் வருவதில்லை. நேரம் தவறுவதில்லை. செல்வந்தர் வீட்டு ஜனாஸாவுக்கும் கூலித் தொழிலாளி வீட்டு ஜனாஸாவுக்கும் அதே வடிவம்தான். ஒலிபெருக்கி எட்டும் எல்லா வீட்டுக்கும், அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் அது கேட்கிறது. கேட்டவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அந்த அறிவித்தலிலிருந்தே ஐந்து அளவைகளை எடுக்கலாம். செய்தி உரிய நேரத்துக்கு முன் வந்ததா? செயற்படப் போதிய விவரம் அதில் இருக்கிறதா? தேவைப்பட்டவரை அது எட்டியதா? எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்ததா? பேசப்படுபவரின் மானத்தைக் காத்ததா? பாடசாலைச் செய்திக்கு ஆறாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டதா?

இருக்கும் பலம்

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து வரும் தேசியப் பத்திரிகைகளில் இந்தக் கரையோரம் பெரும்பாலும் வெள்ளத்துக்கும் தேர்தலுக்கும்தான் இடம்பிடிக்கிறது. ஒரு சிறிய வித்தியாலயத்தின் மாணவி மாகாண மட்டப் போட்டியில் வென்றதை எழுத அங்கே எவரும் இல்லை. அந்த வெற்றிடத்தை ஊதியமின்றி நிரப்பியவர்கள் உள்ளூர் நிருபர்கள். அவர்களிற் பலர் ஆசிரியர்கள். பெண்பிள்ளைகளின் சாதனைகளைத் தொடர்ந்து எழுதியதன் மூலம் மகளைத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தயங்கிய பல வாப்பாமாருக்கு அவர்கள் தைரியம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாடசாலைக்குக் கூரை வேண்டும், மலசலகூடம் வேண்டும் என்று எழுதி, கட்டார் முதல் லண்டன் வரை சிதறி வாழும் பழைய மாணவர்களிடமிருந்து உதவி திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாழ்த்துச் செய்தி வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் தவறு. மேடையில் தன் பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளை அந்த நிமிடத்தை ஆயுளுக்கும் மறப்பதில்லை. ஊரின் நினைவு இப்படிப்பட்ட செய்திகளில்தான் சேர்கிறது. ஆகவே வாழ்த்து இருக்கக் கூடாது என்று நான் வாதாடவில்லை. செய்தி முழுவதையும் வாழ்த்தே எடுத்துக்கொண்டால் குடும்பங்களுக்கு என்ன இழப்பு என்பதே என் கேள்வி.

பெறுபேற்றுச் செய்தி மறைப்பது

மிகப் பெரிதாகக் கொண்டாடப்படும் பெறுபேற்றுச் செய்தியையே முதலில் எடுப்போம். ஒரு பாடசாலையிலிருந்து இருநூறு பேர் சாதாரண தரத்துக்குத் தோற்றி, இருபது பேர் ஒன்பது ஏ பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது முகங்களும் பனரில் வரும். மீதி நூற்று எண்பது பேரில் எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள், எத்தனை பேர் கணிதத்தில் தவறினார்கள், சென்ற ஆண்டை விட இது கூடியதா குறைந்ததா என்ற விவரம் வராது. பாடசாலை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டுவது இந்த இரண்டாவது எண்ணிக்கைதான். பரீட்சைத் திணைக்களம் மாவட்ட, வலய அளவிலான புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. அவற்றை ஊர் மொழியில் விளக்கி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்கள் கணிதத்தில் எங்கே நிற்கின்றன என்று எழுதும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

தவறிய பிள்ளையைப் பற்றிய மௌனம் இதைவிடப் பாரதூரமானது. பெறுபேறு வந்த வாரத்தில் வழிகாட்டல் மிகவும் தேவைப்படுவது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான். சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு பெற்றிருந்தாலும் தொழிற்துறைப் பாடங்களோடு தொடர்ந்து படிக்க இடமளிக்கும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 முதல் நாட்டில் இருக்கிறது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியும் உயர் தொழில்நுட்ப நிறுவனமும், நிந்தவூரில் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. எந்தப் பாடசாலையில் அந்தத் தொழிற்பிரிவு நடக்கிறது, எந்தப் பயிற்சிக்கு என்ன தகுதி, விண்ணப்பம் எப்போது என்று ஒரு பக்கம் எழுதினால் ஓர் இளைஞன் மூன்று ஆண்டுகளை வீணாக்காமல் தப்பலாம். அந்தப் பக்கம் எழுதப்படாத வீட்டில், மகனுக்குக் கடவுச்சீட்டு எடுத்து மத்திய கிழக்குக்கு அனுப்பும் முடிவு அவசரமாக எடுக்கப்படுகிறது. முழு விவரம், சமமான பார்வை என்ற இரண்டு அளவைகளிலும் பெறுபேற்றுச் செய்தி தோற்றுப்போகிறது.

உதவி வந்த பின் வரும் செய்தி

அடுத்து அரச உதவிகள். 2025 கல்வியாண்டுக்காக, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உபகரணம் வாங்க 6,000 ரூபா வழங்க அரசு தீர்மானித்தது. பின்னர் அஸ்வெசும பெறாத, ஆனால் உதவி தேவைப்படும் சில பிரிவுப் பிள்ளைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. முதற் பிரிவினரின் பெயர் ஏற்கெனவே அரசின் பட்டியலில் இருக்கிறது. செய்தி தெரியாவிட்டாலும் அவர்களுக்குப் பணம் வந்துசேர வாய்ப்புண்டு. இரண்டாம் பிரிவினர் தாமே தகுதியைக் காட்ட வேண்டியவர்கள். தந்தையை இழந்த பிள்ளையின் உம்மம்மாவுக்கு அந்த விவரம் உரிய நாளில் எட்டாவிட்டால் உதவி அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். வழமையாக வரும் செய்தியோ, வழங்கி வைக்கும் நிகழ்வு முடிந்தபின் மேடைப் படத்தோடு வருகிறது. யார் கொடுத்தார், யார் முன்னிலை வகித்தார் என்பதை அது சொல்லும். யாருக்கு உரிமை, யாரிடம் கேட்பது, கிடைக்காவிட்டால் எங்கே முறையிடுவது என்று சொல்லாது.

தரம் ஒன்று அனுமதியிலும் இதே குறைதான். தேசிய பாடசாலை அனுமதிக்கான அமைச்சின் சுற்றுநிருபம் இடங்களை வகை பிரித்திருக்கிறது: அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. ஒவ்வொரு வகைக்கும் ஆவணங்களும் புள்ளிகளும் உண்டு. தற்காலிகப் பட்டியல் ஒட்டப்பட்ட பின் ஆட்சேபிக்கக் குறித்த கால அவகாசமும் உண்டு. இவ்வளவும் ஒரு தாய்க்குத் தெரிந்திருந்தால் அவள் அதிபரின் முன் உரிமையோடு நிற்பாள். தெரியாவிட்டால் யாராவது ஓர் அரசியல்வாதியின் கடிதத்தைத் தேடிப் போவாள். தகவல் இல்லாத இடத்தில் சிபாரிசு வளர்கிறது. சிபாரிசால் கிடைத்த இடம் நன்றிக்கடனாகிறது. அந்த நன்றிக்கடன் அடுத்த விழாவில் பொன்னாடையாக வெளிப்படுகிறது. வாழ்த்துச் செய்தியும் தகவல் பஞ்சமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் முறை இதுதான்.

மானம் என்ற அளவையும் இங்கேதான் வருகிறது. கொப்பி வாங்கும் ஏழைப் பிள்ளையின் முகம், வகுப்பு, பாடசாலைப் பெயர் எல்லாம் துலக்கமாகத் தெரியும் படங்கள் உலகம் முழுவதும் பரவுகின்றன. இரகசியமாகக் கொடுக்கும் ஸதகாவின் சிறப்பை மிம்பரில் கேட்டு வளர்ந்த சமூகம் இதை ஏற்றுக்கொண்டது வருத்தத்துக்குரியது. கொடுத்தவர் பெயரைப் போடுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று கணக்கைப் போடுங்கள். வாங்கியவரின் முகம் தேவையில்லை.

கேட்கப்படாத கணக்கு

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த அமைப்பு. அதிபர் அதன் தலைவர். தர உள்ளீட்டுக்கென அரசிடமிருந்து பணம் வருகிறது. பெற்றோரும் பழைய மாணவரும் கொடுக்கும் பணமும் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் புதிய நிருவாகம் தெரிவான செய்தி படத்தோடு வரும். அதே கூட்டத்தில் வாசிக்கப்பட்ட வரவு செலவு வராது. ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நடப்பட்ட செய்தி வரும். அது எத்தனை ஆண்டாக அரைகுறையாக நிற்கிறது என்ற செய்தி அருமை.

கணக்கை அச்சிட்டால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு உகண்டாவின் அனுபவத்தைச் சொல்லலாம். 1990களின் முதற்பாதியில் அந்நாட்டு ஆரம்பப் பாடசாலைகளுக்கு அரசு ஒதுக்கிய சம்பளமல்லாத மானியத்தில் சராசரியாக 13 வீதமே பாடசாலைகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. அதன்பின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய பணம் எவ்வளவு என்பதை அரசு பத்திரிகைகளில் வெளியிட்டது. பாடசாலைகளிலும் ஒட்டச் செய்தது. 2001 அளவில் 80 வீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அக்காலத்தில் நடந்த ஏனைய நிதிச் சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையை ஏற்க வேண்டும். செய்தி தனியே எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்பது தெரியாத பெற்றோரால் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று எழுதிவைத்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் அதன்படியே குழு அமைக்கின்றன. நம் சங்கங்களில் தாய்மாருக்கு எவ்வளவு இடம் என்பதையும் நம் செய்திகள் கேட்டதில்லை.

கேட்பதற்குச் சட்டம் தடையாகவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஆணைக்குழு வரை போகலாம். அனுமதிப் புள்ளிகளையும் சங்கக் கணக்கையும் ஆசிரியர் வெற்றிடங்களையும் கேட்க ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். இந்தச் சட்டத்தைப் பற்றிய செயலமர்வுகள் செய்தியாயின. அதைப் பயன்படுத்திப் பெற்ற பதிலை ஒரு பாடசாலைச் செய்தியாக்கும் வழக்கம் வளரவில்லை.

பாடசாலைக்கு வெளியே உள்ள வளங்களுக்கும் இதே நிலைதான். பொது நூலகமும் சிறுவர் பூங்காவும் மாநகர சபையின் பொறுப்பு. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகர சபை நீதிமன்ற வழக்கினால் அதில் அடங்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர்கள் இல்லாத காலத்தில், நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் புதிய நூல் வந்ததா என்று ஊடகம்தான் கேட்டிருக்க வேண்டும். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபையா, கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் யாருக்கு என்ற விவாதங்களுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சேவைகளுக்குக் கிடைக்கவில்லை. கல்முனை வலயத்தில் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் ஒரே பணிமனையின் கீழ் இயங்குகின்றன. ஆனாலும் காரைதீவின் செய்தி காரைதீவோடும் நிந்தவூரின் செய்தி நிந்தவூரோடும் நின்றுவிடுகிறது. கணித ஆசிரியர் வெற்றிடம் இரு சமூகத்துக்கும் பொதுவான நோய். அதை ஒரே பட்டியலில் எழுதினால் இரு சமூகத்துப் பெற்றோரும் சேர்ந்து ஒரே மனுவில் ஒப்பமிடலாம்.

மழைநாளின் சோதனை

2024 நவம்பர் 26ஆம் திகதியை இந்தக் கரையோரம் மறக்காது. நிந்தவூரில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிய சம்மாந்துறைப் பிள்ளைகள் அடைமழையில் வீடு திரும்பினார்கள். காரைதீவு – சம்மாந்துறை வீதியில், மாவடிப்பள்ளியில், அவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. எட்டுப் பேர் மரணித்தார்கள். அவர்களுள் ஆறு பேர் மாணவர்கள். க.பொ.த உயர்தரப் பரீட்சை அதற்கு முந்திய நாள்தான் தொடங்கியிருந்தது. மறுநாளிலிருந்து அது ஒத்திவைக்கப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது.

அந்த மரணங்களுக்குச் செய்தியைக் காரணமாக்குவது அநியாயம். ஆயினும் செய்தி ஏற்பாட்டில் இருந்த ஓட்டையை அந்த நாள் காட்டியது. அரச பாடசாலைக்கு விடுமுறை என்றால் அமைச்சு, மாகாணம், வலயம், அதிபர் என்று ஓர் அறிவித்தல் வழி இருக்கிறது. அரபுக் கல்லூரிகள் அந்த வழிக்குள் இல்லை. அவை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு பெறுபவை. பிள்ளைகளை அனுப்புவதா தங்கவைப்பதா, எந்த வீதி மூழ்கியிருக்கிறது, யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஓர் இடத்திலிருந்து உறுதியாகச் சொல்லும் ஏற்பாடு இருக்கவில்லை. மாவடிப்பள்ளித் தாம்போதியில் வெள்ளம் பாய்வது இப்பகுதியில் எவருக்கும் புதிதில்லை. அந்த விபத்தின் பின் வந்த செய்திகளில் அனுதாபம் நிறைந்திருந்தது. அந்த அனுதாபம் உண்மையானது. வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒக்டோபரிலேயே பாடசாலைகளுக்கும் மதரஸாக்களுக்கும் சேர்த்து ஒரு மழைக்கால அறிவித்தல் ஒழுங்கு இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஆண்டுதோறும் விடாமல் எழுப்புவது அந்த அனுதாபத்தின் அடுத்த படி. அந்தப் படியை நம் செய்தி இன்னும் ஏறவில்லை.

யாரை எட்டுகிறது?

பிள்ளையின் படிப்பை வீட்டில் கொண்டுநடத்துவது பெரும்பாலும் தாய். ஜும்ஆவில் வாசிக்கப்படும் கல்வி அறிவித்தல் ஆண்களின் காதோடு நின்றுவிடுகிறது. வட்ஸ்அப்பில் வருவது நல்ல கைபேசியும் டேட்டாவும் உள்ள வீட்டுக்கு மட்டும் போகிறது. தாய் வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் வீடுகளில் வகுப்புக் குழுவின் செய்தி குவைத்திலோ ரியாத்திலோ உள்ள கைபேசிக்குப் போகிறது; பிள்ளையோடு இருக்கும் உம்மம்மாவுக்கு அது தெரிவதில்லை. பாடசாலைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு எந்தக் குழுவும் எட்டாது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் விதி. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் பாடசாலை வருகைக் குழு இருக்க வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலிருந்தே வருகிறது. தங்கள் பிரிவின் வருகைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? அது தெரியவந்தால், படிப்பை நிறுத்திக் கடற்கரைக்குப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேச அயலவருக்கு ஓர் இடம் கிடைக்கும்.

எதிர்வாதங்கள்

இந்த மதிப்பீட்டுக்கு எதிராக மூன்று நியாயங்களைச் சொல்லலாம். முதலாவது, உள்ளூர் நிருபருக்கு ஊதியம் இல்லை. விழாவுக்கு அழைப்பு வருகிறது, போகிறார், எழுதுகிறார். கணக்குத் தேடிப் போக நேரம் ஏது? இது உண்மை. ஆனால் நான் கேட்பவற்றில் பெரும்பகுதிக்குப் புலனாய்வு தேவையில்லை. ஒரு சுற்றுநிருபத்தை வாசித்துப் பத்து வரியில் சுருக்கும் உழைப்பு, ஒரு விழாச் செய்தி எழுதும் உழைப்பை விடக் கூடியதன்று.

இரண்டாவது, சிறிய ஊர், எல்லோரும் உறவு, அதிபரிடம் கணக்குக் கேட்டு எழுதினால் நாளை ஒரே திருமண வீட்டில் முகம் பார்க்க முடியாது. இந்தச் சங்கடம் எனக்கும் புரிகிறது. தனிமனிதரைக் குற்றம் சாட்டும் செய்தியால் வரும் சங்கடம் அது. எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே கேள்விகளை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பி, வந்த பதில்களை ஒரே அட்டவணையில் போட்டால் அது எவர் மீதும் பாய்வதாகாது. கேள்வி வழமையாகிவிட்டால் பகை குறையும்.

மூன்றாவது, குறைகளை எழுதினால் பிள்ளைகள் நம் பாடசாலைகளை விட்டுக் கண்டிக்கும் கொழும்புக்கும் போய்விடுவார்கள். இந்த அச்சத்தை மதிக்கிறேன்; ஆனால் ஏற்கவில்லை. வசதியுள்ள குடும்பங்களுக்குப் பாடசாலைகளின் உள்நிலை ஏற்கெனவே தெரியும்; அவர்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மறைப்பினால் ஏமாறுவது வேறு வழியில்லாத ஏழைக் குடும்பம்தான்.

தீர்ப்பு

ஆறு அளவைகளையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவானது. ஊரின் மகிழ்ச்சியைப் பகிர்வதிலும், பெண்கல்விக்கு ஊக்கம் தருவதிலும், புலம்பெயர்ந்தோரின் உதவியைத் திரட்டுவதிலும் கல்முனைக் கரையின் பாடசாலைச் செய்தி வென்றிருக்கிறது. நேரம், விவரம், எட்டும் தூரம், சமபார்வை, மானம், கணக்கு ஆகிய ஆறிலும் அது தேறவில்லை. குடும்பங்கள் முடிவெடுக்க உதவுவதே பாடசாலைச் செய்தியின் முதற் கடமை என்றால், அந்தக் கடமையில் அது தவறியிருக்கிறது. இந்தத் தவறு எவருடைய தீய எண்ணத்தாலும் வந்ததில்லை. அழைப்பிதழ் காட்டிய வழியில் செய்தி போய்ப் பழகியதால் வந்தது. ஆகவே திருத்துவது கடினமில்லை.

பிராந்தியச் செய்தித் தளங்களை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று விழாச் செய்திக்கு ஒரு சேவைச் செய்தி என்று ஒழுங்கு வையுங்கள். அதில் திகதி, தகுதி, ஆவணம், அலுவலகம், மேன்முறையீடு என்ற ஐந்தும் இருக்கட்டும். பெறுபேறு வரும் நாளில் ஒன்பது ஏக்காரருக்கு வாழ்த்துச் சொல்லும் அதே பக்கத்தில் தவறியவருக்கான வழிகளையும் அச்சிடுங்கள். உதவி பெறும் பிள்ளையின் முகத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம்: கல்வி அறிவித்தலை ஜும்ஆவோடு முடிக்காமல், பெண்கள் வீட்டிலிருந்து கேட்கக்கூடிய நேரத்தில் ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன் மதரஸா உஸ்தாத்மாரையும் அதிபர்களையும் பிரதேச செயலகத்தையும் ஒரே மேசையில் இருத்துங்கள்.

பெற்றோரிடம்: அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாயும் போகட்டும். கடந்த ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கணித ஆசிரியர் எத்தனை பேர் குறைவு என்ற மூன்று கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் அதே மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தப் பதில் உங்கள் ஊர்ச் செய்திப் பக்கத்தில் வெளிவரும்வரை கேட்பதை விடாதீர்கள்.